பூஸ்டர்

காந்தி ரோட்டுக்குப் பின்சந்து.
லாட்ஜின் வரவேற்பு மேசை என்னுடையது,
இரவு பத்து முதல் காலை ஆறு.
பெயர்ப்பலகையில் மேலே வங்காளம், நடுவில் இந்தி,
ஓரமாக ஒடுங்கித் தமிழ்.

சாரம் சரிந்து முதுகு முறிந்த வருஷம்
இந்த ஊர் ஆஸ்பத்திரி என்னை நடக்கவைத்து அனுப்பியது.
குழாயின் திருகை மட்டும் திருப்பித் தர முடியவில்லை.
ஆறு இருக்கு, தண்ணி இல்லை என்று
வேலூரைக் கேலி பேசுகிறவர்கள்
என்னை வந்து பார்த்ததில்லை.

டயபர் ஐந்து மணி நேரம் தாங்கும்.
ஷிஃப்ட் எட்டு மணி நேரம்.
நாற்காலி காலியானால் கேமரா
முதலாளியின் போனுக்குச் சொல்லிவிடும்.
மிச்சமுள்ள மூன்று மணிக்குத்தான் பூஸ்டர்,
டயபருக்குள் வைக்கும் இன்னொரு மெத்தை.
முதல்முறை கேட்டபோது மருந்துக்கடைப் பையன்
"பால்ல கலக்குறதாண்ணே?" என்றான்.

நேற்று ரெண்டு பத்துக்கு
பன்னிரண்டாம் அறைப் பெண் இறங்கி வந்தாள்,
சுருட்டிய படுக்கை விரிப்பை மார்போடு அணைத்து.
நிதாய் சர்க்கார், மால்டா, வயது ஐம்பத்தொன்று
என்று நான்தான் பதிந்திருந்தேன்.
கூட வந்தவர்: மனைவி.
மெத்தை நனைந்தால் முந்நூறு ரூபாய். அது இங்கே விதி.
ரசீதுப் புத்தகம் என் கைக்கு எட்டும் தூரத்தில்.

ஜொல், கொரம் ஜொல், கொத்தோ டாக்கா.
எனக்குத் தெரிந்த வங்காளம் அவ்வளவே.
அவள் சொன்னதில் அவை ஒன்றும் இல்லை.
வாசனையே மொழிபெயர்த்தது.

விரிப்புக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள்:
டயபரின் நடுவில் ஒட்டிய மாதவிடாய் நாப்கின்.
முதல் வருஷம் நானும் செய்த அதே தப்பு.
அதன் அடியில் பிளாஸ்டிக்.
தான் குடித்து நிறைந்ததும் பக்கவாட்டில் வழியும்,
தொடையில் இறங்கும்.
அடியில் டயபர் கடையிலிருந்து வந்தபடியே
காய்ந்து கிடக்கும்.

இதை எந்த மொழியில் சொல்வது?
அவளிடமிருந்த புது நாப்கின் ஒன்றை விரித்துப்
பாட்டில் தண்ணீரைச் சாய்த்தேன்.
தேங்கியது, வழிந்தது,
பதிவேட்டில் முர்ஷிதாபாத் ஒரு வரி கலைந்தது.
பிறகு என் இழுப்பறையைத் திறந்து
துணிக்கடை மஞ்சள் பைக்குள்ளிருந்து
என்னுடையதில் ஒன்று.
ஊற்றினேன். இறங்கியது.
தூக்கிக் காட்டினேன், அடியில் சொட்டியது.
"இதுக்குக் கீழேயும் வாய் இருக்கும்மா" என்றேன் தமிழில்.
"குடிக்கும். தாங்காததைக் கீழே குடுத்துடும்."

அவள் இழுப்பறையைப் பார்த்தாள்.
பிறகு மேசை விளிம்புக்குக் கீழே,
மூன்று வருஷமாக நான் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தை.
தலையாட்டினேன்.

மாடிக்குப் போனேன்.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் அவர்.
ஆம்பளைக்குக் கொஞ்சம் முன்னே தள்ளி வைக்கணும்,
ஓரம் தொடை எலாஸ்டிக்குக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது,
பார்த்தால் திரி மாதிரி இழுத்து வெளியே விட்டுடும்.
எல்லாம் சைகையில்.
அவர் திரும்பவில்லை.
கடைசியில் என் இடுப்பில் நானே ஒரு தட்டு தட்டினேன்.
சரசரவென்று அந்தச் சத்தம்.
அது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

திரும்பினார்.
என்னை அல்ல, என் பேன்ட்டை
ரொம்ப நேரம் பார்த்தார்.

கொத்தோ டாக்கா என்றாள்.
ரெண்டுக்கு அறுபது. விரலில் காட்டினேன்.
வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் அது வேறு ஏதோவாகிவிடும்.
ரசீதுப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை.
மெத்தையை மொட்டைமாடியில் சாய்த்துவைத்தேன்.
மார்ச் வெயில் எட்டு மணிக்கே வேலையைத் தொடங்கிவிடும்.

மேசைக்குத் திரும்பி இழுப்பறையைப் பார்த்தபோதுதான்
பை காலி என்று உறைத்தது.
நாலரைக்கு எழுந்து போகவேண்டி வந்தது.
கேமராவில் பதினோரு நிமிஷம் காலி நாற்காலி.

"குபேந்திரா, எங்கடா போன?"
"மோட்டார் போட" என்றேன்.
முழுப் பொய் இல்லை.
தண்ணீர் விஷயம்தான்.